கடமையில் உள்ள காவலரும் குடிமகனின் கேமராவும்

சித்தூரிலிருந்து பலமநேருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பங்காருபாளையம், மாம்பழச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். கிளிமூக்கு மாங்காய் என்று தமிழ் மக்கள் அழைக்கும் தோத்தாபுரி, கோடைப் பருவத்தில் டிராக்டர்களிலும் லாரிகளிலும் ஏற்றப்பட்டு இங்குள்ள விற்பனைக்கூடத்தை வந்தடைகிறது. தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கும் இந்த எல்லைப்புற ஊரில் விலை ஏறினாலும் இறங்கினாலும் அது மாவட்டம் முழுவதும் பேசப்படும் செய்தியாகிவிடுகிறது.

2025ஆம் ஆண்டில் மாங்காய் விலை வீழ்ச்சியுற்றபோது, ஆந்திரப் பிரதேசத்தின் முன்னாள் முதலமைச்சர் ஒய்.எஸ். ஜெகன் மோகன் ரெட்டி, ஜூலை 9ஆம் நாள் விவசாயிகளைச் சந்திக்க இச்சந்தைக்கு வந்தார். கூடுவோர் எண்ணிக்கைக்குக் காவல்துறை முன்கூட்டியே வரம்பு விதித்திருந்தது. ஆயினும் பெருங்கூட்டம் திரண்டது. நெரிசலும் தள்ளுமுள்ளும் ஏற்பட்டன. அந்த நெரிசலில், நிகழ்ச்சியைப் படமெடுத்துக் கொண்டிருந்த தெலுங்கு நாளிதழ் ஒன்றின் புகைப்படக்காரர் தாக்கப்பட்டார். அவரைத் தாக்கியவர்கள் கூட்டத்தில் இருந்தவர்களே. எனினும் அந்த நிகழ்ச்சி, அதைவிடப் பரந்த ஒரு கேள்வியை எழுப்புகிறது. பொது இடத்தில் கேமராவை உயர்த்துபவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு எத்தகையது? அந்தக் கேமரா கடமையில் உள்ள காவலர்மீதே திரும்பும்போது அந்தப் பாதுகாப்பு மாறுபடுகிறதா?

ஒரு காலத்தில் இக்கேள்வி பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இன்று மாங்காய் மூட்டை இறக்கும் தொழிலாளியின் சட்டைப் பையிலும் கேமரா உள்ள கைபேசி இருக்கிறது. வாகனச் சோதனை, ஆக்கிரமிப்பு அகற்றல், ஊர்வலம், கைது என எந்த நிகழ்ச்சியிலும் யாராவது ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆகவே இதன் சட்ட நிலையைப் பொதுமக்களும் காவலர்களும் தெளிவாக அறிந்திருப்பது அவசியமாகிறது.

உரிமையின் ஊற்றுக்கண்

காவலரைப் படமெடுக்கலாம் என்று வெளிப்படையாகக் கூறும் சட்டப்பிரிவு எதுவும் நாட்டில் இல்லை. படமெடுக்கக் கூடாது என்று பொதுவாகத் தடை விதிக்கும் பிரிவும் இல்லை. எனவே இந்த உரிமையை அரசியலமைப்பிலிருந்தும், அதற்கு நீதிமன்றங்கள் கண்ட பொருளிலிருந்துமே அறிய வேண்டியிருக்கிறது.

அரசியலமைப்பின் 19(1)(அ) உறுப்பு, பேச்சுரிமையையும் கருத்து வெளியீட்டுரிமையையும் எல்லாக் குடிமக்களுக்கும் வழங்குகிறது. செய்தி அறியும் உரிமையும் அதைப் பரப்பும் உரிமையும் இதனுள் அடங்கும் என்பதை உச்சநீதிமன்றம் பல தீர்ப்புகளில் நிலைநாட்டியுள்ளது. பத்திரிகைகளுக்கெனத் தனி உரிமை எதையும் அரசியலமைப்பு கூறவில்லை. நாளிதழின் புகைப்படக்காரருக்கு உள்ள உரிமை எதுவோ, அதுவே சாலையில் நிற்கும் சாதாரணக் குடிமகனுக்கும் உரியது. அடையாள அட்டை வைத்திருப்பவர் மட்டுமே படமெடுக்கலாம் என்ற எண்ணத்திற்குச் சட்டத்தில் இடமில்லை.

இந்த உரிமை வரம்பற்றதன்று. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நாகரிகம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு முதலிய காரணங்களுக்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று 19(2) உறுப்பு கூறுகிறது. ஆனால் அத்தகைய கட்டுப்பாடு ஒரு சட்டத்தின் வாயிலாகவே விதிக்கப்பட வேண்டும். 1962ஆம் ஆண்டின் கரக் சிங் வழக்கில், உத்தரப் பிரதேசக் காவல்துறையின் விதிமுறைகள் துறைசார்ந்த நிர்வாகக் குறிப்புகளே. அவை அடிப்படை உரிமையைக் கட்டுப்படுத்தும் 'சட்டம்' ஆகமாட்டா என்று உச்சநீதிமன்றம் கூறியது. "மேலிடத்து உத்தரவு, படமெடுக்கக் கூடாது" என்று கூறப்படும்போது, அந்த உத்தரவு எந்தச் சட்டத்தின் கீழ் பிறந்தது என்று கேட்பதற்கு இத்தீர்ப்பு ஆதாரமாக அமைகிறது.

காவலரின் அந்தரங்க உரிமை

காவலரும் ஒரு குடிமகனே. அவருக்கும் அந்தரங்க உரிமை உண்டு அல்லவா என்ற வாதம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று அறிவித்ததிலிருந்து இவ்வாதம் வலுப்பெற்றிருப்பதாகவும் சிலர் கருதுகின்றனர்.

இதற்கான விடை, தமிழ்நாட்டில் தோன்றிய ஒரு வழக்கில் 1994ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வார இதழ் வெளியிட முற்பட்டபோது, சிறைத்துறை அதைத் தடுக்க முயன்றது. அதிகாரிகள் சிலருக்கும் அந்தக் கைதிக்கும் இருந்ததாகக் கூறப்பட்ட தொடர்புகள் அதில் இடம்பெற இருந்தன. ஆர். ராஜகோபால் வழக்கு எனப்படும் இவ்வழக்கில் 1994 அக்டோபர் 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது ஊழியர்கள் தம் அலுவல் கடமை தொடர்பாகச் செய்யும் செயல்களுக்கு அந்தரங்க உரிமையின் பெயரால் இழப்பீடு கோர இயலாது; வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை என்பது அதன் சாரம். உண்மைக்கு மாறானதைச் சிறிதும் பொருட்படுத்தாமல் வெளியிடுவதற்கு இப்பாதுகாப்பு இல்லை என்பதையும் அத்தீர்ப்பு சேர்த்தே கூறியது.

இதிலிருந்து ஒரு வேறுபாடு தெளிவாகிறது. சீருடையுடன் சந்தியில் நின்று வாகனங்களைச் சோதிக்கும் காவலர் அலுவல் கடமையில் உள்ளவர். அவர் அங்கே செய்வது பொதுச்செயல். அதே காவலர் தம் வீட்டு முற்றத்தில் குடும்பத்தோடு இருக்கும்போது அவரைப் படமெடுத்து வெளியிடுவதற்கு இத்தீர்ப்பு துணைநிற்காது. கடமைக்கும் தனிவாழ்வுக்கும் இடையே உள்ள இந்த எல்லையைப் படமெடுப்பவர் மறந்துவிடலாகாது.

காவல் நிலையம் 'தடை செய்யப்பட்ட இடமா'?

கைபேசியை உயர்த்துபவரை அச்சுறுத்துவதற்கு அதிகமாகப் பயன்பட்டுவரும் சட்டம், 1923ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டமாகும். ஆங்கிலேயர் ஆட்சியில் ஒற்றாடலைத் தடுக்க இயற்றப்பட்ட இச்சட்டம், 'தடை செய்யப்பட்ட இடம்' என்ற ஒரு வகையை 2(8) பிரிவில் வரையறுக்கிறது. அரசுக்குரிய பாதுகாப்புப் பணியிடங்கள், படைக்கலச் சாலைகள், தரைப்படை, கடற்படை, விமானப்படை நிலையங்கள், முகாம்கள் போன்றவை அதில் இடம்பெறுகின்றன. மத்திய அரசு அறிவிக்கை மூலம் மேலும் சில இடங்களையும் இவ்வகையில் சேர்க்கலாம். நாட்டின் பாதுகாப்புக்குத் தீங்கு விளைவிக்கும் நோக்கத்துடன் இத்தகைய இடத்தை அணுகுவதும் படமாக்குவதும் 3ஆம் பிரிவின்படி குற்றமாகும். பாதுகாப்பு நிலையங்கள் தொடர்பானதாயின் தண்டனை 14 ஆண்டுகள் வரை நீளும்.

மகாராஷ்டிரத்தின் வார்தாவில் 2018ஆம் ஆண்டு, காவல் நிலையத்திற்குள் நடந்த பேச்சைக் கைபேசியில் பதிவு செய்தவர்மீது இச்சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. அண்டை வீட்டாருடன் ஏற்பட்ட தகராறு ஒன்றிற்காகவே அவர் நிலையத்திற்குச் சென்றிருந்தார். 2022 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு இவ்வழக்கை ரத்து செய்தது. சட்டத்தின் வரையறை முழுமையானது. அதில் காவல் நிலையம் இடம்பெறவில்லை. ஆகவே அங்குப் படமெடுப்பது இச்சட்டத்தின்கீழ் குற்றமாகாது என்று நீதிபதிகள் மனீஷ் பிதாலே, வால்மீகி மெனேசஸ் ஆகியோர் தீர்ப்பளித்தனர். 2024ஆம் ஆண்டு அதே நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, காவல் நிலையத்தில் அதிகாரியுடன் நடந்த உரையாடலைப் பதிவு செய்த மற்றொரு வழக்கிலும் இதே முடிவுக்கு வந்தது.

ஓர் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு அதன் எல்லைக்குள்தான் கட்டுப்படுத்தும் வலிமை உடையது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் அது எடுத்துக்காட்டத்தக்க வழிகாட்டியாக மட்டுமே அமையும். ஆயினும் நாடு முழுவதும் சட்டத்தின் சொற்கள் ஒன்றே. காவல் நிலையத்திற்குள் படமெடுக்க முழு உரிமை உண்டு என்றும் இத்தீர்ப்புகளுக்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவை அறிவிப்பதெல்லாம், அச்செயல் ஒற்றாடல் குற்றமாகாது என்பதே. நிலையத்திற்குள் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு அதிகாரிக்கு உண்டு. புகார் கொடுக்க வந்த பெண்ணின் அடையாளத்தையோ, விசாரணைக்கு அழைத்துவரப்பட்ட சிறுவனின் முகத்தையோ பாதுகாக்க வேண்டிய கடமையும் அவருக்கு உண்டு.

இடையூறு எது?

படமெடுப்பவர்மீது அடுத்துச் சுமத்தப்படும் குற்றச்சாட்டு, அரசு ஊழியரின் கடமைக்கு இடையூறு செய்தார் என்பது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 221ஆம் பிரிவு இதைக் குறிக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 186ஆம் பிரிவே அது. அதற்கு மூன்று மாதம் வரை சிறைத்தண்டனையோ, 2,500 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சம்பந்தப்பட்ட அரசு ஊழியரோ அவருடைய மேலதிகாரியோ எழுத்துமூலம் முறையீடு செய்தாலன்றி நீதிமன்றம் இக்குற்றத்தை விசாரணைக்கு ஏற்க இயலாது என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 215ஆம் பிரிவு கூறுகிறது.

இதைவிடக் கடுமையானது 132ஆம் பிரிவு. கடமையைச் செய்யவிடாமல் அரசு ஊழியரைத் தாக்குவது அல்லது அவர்மீது வன்முறை பிரயோகிப்பது அதன்கீழ் வரும். இரண்டாண்டு வரை தண்டனைக்குரிய இக்குற்றம் ஜாமீனில் விடத்தக்கதன்று. தள்ளி நின்று படமெடுப்பது மட்டுமே இப்பிரிவின்கீழ் வராது என்பது அதன் சொற்களிலிருந்தே தெரிகிறது. ஆனால் காவலரின் கையைத் தட்டிவிடுவதும், அவர் முகத்தருகே கைபேசியை நீட்டி அவரைத் தள்ளுவதும் வேறு நிலைமையை உண்டாக்கிவிடும்.

ஹிமாச்சலப் பிரதேச உயர்நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு பரிசீலித்த ஒரு வழக்கு இங்கே கருதத்தக்கது. வாகனச் சோதனையின்போது நிறுத்தப்பட்ட ஒருவர், ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்சியை ஒளிபரப்பியபடியே காவலர்களைக் குறைகூறினார். அவர்மீது இடையூறு வழக்குப் பதிவாயிற்று. நேரலையில் நின்றதும் எதிர்ப்புத் தெரிவித்ததும் மட்டுமே கடமைக்கு இடையூறு ஆகிவிடாது என்று கூறி நீதிமன்றம் அவ்வழக்கை ரத்து செய்தது. கடமை உண்மையிலேயே தடைப்பட்டதா என்பதே உரைகல். காவலரின் மனம் புண்பட்டதா என்பதன்று.

புதிய நடைமுறைச் சட்டத்தின் 172ஆம் பிரிவையும் பொதுமக்கள் அறிந்திருக்க வேண்டும். குற்றத் தடுப்புக் கடமைகளை நிறைவேற்றும்போது காவல் அதிகாரி இடும் சட்டப்படியான கட்டளைகளுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. கட்டுப்பட மறுப்பவரை அப்புறப்படுத்தவோ நிறுத்திவைக்கவோ அதிகாரிக்கு அது இடமளிக்கிறது. சிறு நிகழ்ச்சிகளில் 24 மணி நேரத்திற்குள் அவரை விடுவிக்கலாம். "பத்தடி பின்னால் செல்லுங்கள்", "ஆம்புலன்ஸுக்கு வழிவிடுங்கள்" என்பவை இத்தகைய கட்டளைகள். அவற்றுக்குக் கீழ்ப்படிந்துகொண்டே தொடர்ந்து படமெடுக்கலாம். "கேமராவை அணைத்துவிடு" என்ற சொல்லை மட்டும், வேறு காரணம் எதுவும் இல்லாத நிலையில், அதே வகையில் சேர்ப்பது கடினம். அதன் பின்னால் ஒரு சட்டக் காரணம் இருக்க வேண்டும்.

கைபேசியைப் பறிக்கலாமா?

நடைமுறையில் பெரும்பாலான தகராறுகள் கைபேசியைப் பறிப்பதில்தான் முடிகின்றன. பதிவை அழிக்கும்படி வற்புறுத்துவதும் அதனோடு சேர்ந்தே நிகழ்கிறது.

குற்றம் நடந்ததாக ஐயம் கொள்ளத்தக்க சூழ்நிலையில் காணப்படும் பொருளைக் கைப்பற்ற, நடைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு காவல் அதிகாரிக்கு அதிகாரம் அளிக்கிறது. கைப்பற்றியதை அவர் உடனடியாகக் குற்றவியல் நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். விசாரணைக்குத் தேவைப்படும் மின்னணுக் கருவியை ஒப்படைக்குமாறு 94ஆம் பிரிவின்படி எழுத்துமூலம் ஆணையிடவும் வழி உண்டு. இந்த இரு வழிகளிலும் ஆவணம் பிறக்கிறது. எழுதப்பட்ட காரணம் இருக்கிறது. நீதிமன்றத்தின் பார்வையும் இருக்கிறது. பதிவை அழிக்கும்படி ஆணையிடுவதற்கு எந்தப் பிரிவும் இடமளிக்கவில்லை. மாறாக, ஒரு குற்றத்திற்குச் சாட்சியமாகக் கூடிய பதிவை, குற்றவாளியைக் காப்பாற்றும் நோக்கத்துடன் அழிப்பது, நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவின்படி தாமே ஒரு குற்றமாகக்கூடும்.

காவல்துறையே கேமராவைப் பயன்படுத்தும்படி சட்டம் இன்று கட்டளையிடுகிறது என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது. சோதனையையும் பொருள் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கைபேசியே விரும்பத்தக்கது என்று 105ஆம் பிரிவு கூறுகிறது. காவலர் கையில் உள்ள கைபேசி நேர்மைக்குச் சான்றாகும்போது, அதே நிகழ்ச்சியைக் குடிமகன் பதிவு செய்வதை மட்டும் பகையாகக் கருதுவது பொருந்தாது.

சுவரில் உள்ள கேமராவும் மறைந்திருந்த கேமராவும்

தமிழ்நாட்டின் இரு நிகழ்ச்சிகள் இப்பொருளின் முக்கியத்துவத்தை வேதனையுடன் உணர்த்துகின்றன.

2020 ஜூன் மாதத்தில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், கடை அடைக்கும் நேரம் தொடர்பான விவகாரத்தில் காவலில் எடுக்கப்பட்ட ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் உயிரிழந்தனர். உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி நிலையத்திற்குச் சென்று விசாரித்த கோவில்பட்டி குற்றவியல் நடுவர், அங்கிருந்த கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததை அறிக்கையில் குறிப்பிட்டார். பதிவுகளைச் சேமிக்க வட்டில் போதிய இடம் இருந்தது. சுவரில் கேமரா இருந்தது. சம்பவ நாளின் காட்சி மட்டும் இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்சநீதிமன்றம் விரிவான ஆணை பிறப்பித்தது. எல்லாக் காவல் நிலையங்களிலும், வாயில், வரவேற்பறை, கைதிகள் அறை, நடைக்கூடம் என எப்பகுதியும் விடுபடாமல் ஒலி, ஒளிப் பதிவுக் கேமராக்கள் பொருத்தப்பட வேண்டும். பதிவுகள் 18 மாதங்கள் பாதுகாக்கப்பட வேண்டும். அத்தகைய கருவி கிடைக்காவிடினும் ஓராண்டிற்குக் குறையக் கூடாது என்பது அதன் சாரம். இந்த ஆணையின் நிறைவேற்றம் மந்தமாகவே இருந்துவந்தது. காவலில் நிகழும் மரணங்களைப் பற்றிய செய்தியின் அடிப்படையில் 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தாமே முன்வந்து இப்பிரச்சினையை மீண்டும் எடுத்துக்கொள்ள நேர்ந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி 2025 ஜூன் மாத இறுதியில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில் நடந்தது. கோயிலுக்கு வந்த ஒருவரின் காரிலிருந்து நகை காணாமற்போனதாக எழுந்த புகாரில், கோயிற் காவலாளி அஜித்குமார் தனிப்படைக் காவலர்களால் விசாரிக்கப்பட்டார். ஜூன் 28ஆம் நாள் அவர் உயிரிழந்தார். விசாரணை காவல் நிலையத்தில் நடக்கவில்லை.  கோயிலின் பின்புறத்தில் அவர் அடிக்கப்பட்டதை மறைவிலிருந்து ஒருவர் தம் கைபேசியில் பதிவு செய்திருந்தார். சில வினாடிகளே நீடிக்கும் அப்பதிவு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வின் முன் வைக்கப்பட்டது. காவலர்கள் ஐவர் கைது செய்யப்பட்டனர். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. படமெடுத்தவரோ தம் உயிருக்கு ஆபத்து உள்ளதாகக் கூறிப் பாதுகாப்புக் கோர வேண்டிய நிலை ஏற்பட்டது.

சாதாரண மனிதர் ஒருவரின் சில வினாடித் துணிவு, இல்லாமற்போயிருக்கக் கூடிய சாட்சியத்தை உண்டாக்கிற்று. அந்தத் துணிவிற்கு விலையாக அவர் தம் நிம்மதியைக் கொடுக்க வேண்டியிருந்தது. உரிமை ஏட்டில் இருப்பது போதாது. அதைப் பயன்படுத்துபவருக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்பதே இதன் படிப்பினை. 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்சநீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்து, அதை நாடெங்கும் பின்பற்ற ஆணையிட்டது. இப்போது நடைமுறைச் சட்டத்தின் 398ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் இத்தகைய திட்டத்தை வகுத்து அறிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1991 மார்ச் 3ஆம் நாள் ராட்னி கிங் என்பவரைக் காவலர்கள் அடித்ததை, அருகிலிருந்த குடியிருப்பாளர் ஒருவர் தம் மாடியிலிருந்து படமாக்கினார். குடிமகனின் கேமரா உலகின் கவனத்தை ஈர்த்தது அப்போதுதான். 2020 மே 25ஆம் நாள் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்த காட்சியைப் பதிவு செய்தவர் 17 வயது மாணவி. அப்பதிவு வெளிவருவதற்கு முன் காவல்துறை விடுத்த முதல் அறிக்கை, அதை ஒரு மருத்துவ நிகழ்ச்சியாகவே விவரித்திருந்தது. பொது இடத்தில் கடமையாற்றும் காவலரைப் படமெடுப்பது அந்நாட்டு அரசியலமைப்பின் முதல் திருத்தத்தால் பாதுகாக்கப்பட்ட உரிமை என்று 2011ஆம் ஆண்டின் கிளிக் வழக்கு உட்பட மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் பல தீர்ப்புகள் கூறியுள்ளன.

ஐரோப்பாவில் இந்த உரிமை சட்டமன்றங்களின் வாயிலாகச் சோதனைக்குள்ளாயிற்று. அனுமதியின்றிக் காவலரின் படத்தைப் பயன்படுத்துவதற்கு அபராதம் விதிக்க ஸ்பெயின் 2015ஆம் ஆண்டு வழிசெய்தது. முன் அனுமதி பெற வேண்டும் என்ற நிபந்தனை தணிக்கைக்கு ஒப்பாகும் என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2020ஆம் ஆண்டு அப்பகுதியை நீக்கியது. பிரான்சிலும் இதையொத்த ஒரு பிரிவை 2021 மே மாதம் அரசியலமைப்புக் குழு செல்லாததாக்கியது. காவலர்களையும் அவர்களுடைய குடும்பத்தினரையும் இணையத்தில் அடையாளம் காட்டித் துன்புறுத்துவதைத் தடுக்க வேண்டும் என்ற கவலையே இச்சட்டங்களுக்குக் காரணமாகக் கூறப்பட்டது. அக்கவலை பொய்யானதன்று. ஆனால் அதற்கு மருந்து, துன்புறுத்துபவரைத் தண்டிப்பதேயன்றிப் படமெடுப்பவர் எல்லோரையும் தடுப்பதன்று.

படமெடுப்பவரின் பொறுப்புகள்

உரிமையோடு கடமையும் இணைந்தே வருகிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்துடன் முரண்பட்ட சிறுவரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. கைது செய்யப்பட்டவரின் முகத்தைப் பரப்புவது, பின்னர் நடக்க வேண்டிய அடையாள அணிவகுப்பைப் பயனற்றதாக்கிவிடலாம். அதனால் இழப்பு, குற்றத்திற்கு ஆளானவருக்கே. நீதிமன்ற அறைகளிலும் பாதுகாப்பு நிலையங்களிலும் அனுமதியின்றிப் படமெடுக்கக் கூடாது. பதிவை வெட்டி ஒட்டித் தவறான பொருள் தோன்றும்படி வெளியிட்டால், அவதூறுச் சட்டத்திலிருந்து தப்ப இயலாது.

எடுத்த படம் சாட்சியமாக வேண்டுமானால் அதைக் காக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது சான்றிதழ் ஒன்றையும் இணைக்க வேண்டும். அதன் ஒரு பகுதியைக் கருவியின் பொறுப்பாளரும் மற்றொரு பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். பதிவின் கைரேகை போன்ற 'ஹாஷ்' மதிப்பும் அதில் குறிக்கப்பட வேண்டும். மூலக்கருவியையே நேரில் முன்வைத்து அதன் உரிமையாளர் சாட்சி கூறினால் சான்றிதழ் தேவையில்லை என்று 2020ஆம் ஆண்டின் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில், பழைய சாட்சியச் சட்டத்தின் இணையான பிரிவை ஆராய்ந்த உச்சநீதிமன்றம் விளக்கியது. ஆகவே மூலப்பதிவை மாற்றாமல், கைபேசியிலேயே வைத்திருப்பது முதன்மையானது. வாட்ஸ்அப் வழியாக அனுப்பப்படும் காணொளி சுருக்கப்பட்டுவிடுகிறது. எடுத்த நாள், நேரம் முதலிய குறிப்புகளும் அதில் மறைந்துவிடக்கூடும். அது மூலத்திற்கு ஈடாகாது.

முறையீட்டு வழிகள்

படமெடுத்ததற்காக ஒருவர் தாக்கப்பட்டாலோ, அவருடைய கைபேசி உடைக்கப்பட்டாலோ, அவர் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். எல்லைக் காரணம் கூறி அதை மறுக்கக் கூடாது என்று நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு இப்போது தெளிவுபடுத்தியுள்ளது. நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால், புகாரின் சாரத்தை எழுத்துமூலம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அதன் பின்னரும் பயனில்லையேல் குற்றவியல் நடுவரை அணுகலாம். மனித உரிமை மீறலாயின் தேசிய அல்லது மாநில மனித உரிமை ஆணையத்திடம் ஓராண்டிற்குள் முறையிட வேண்டும். கைது செய்யப்பட்டவருக்குக் கைதின் காரணத்தைத் தெரிவிப்பதும், 24 மணி நேரத்திற்குள் அவரை நடுவர் முன் நிறுத்துவதும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு விதிக்கும் கட்டாயங்கள். வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றோர் 15100 என்ற தொலைபேசி எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவியைப் பெறலாம்.

நம்பிக்கைக்கு ஒரு சாதனம்

கேமராவைக் காவலரின் எதிரியாகக் கருதும் மனப்பான்மை மாற வேண்டும். நெரிசலில் பொறுமையுடன் நின்று மக்களை ஒழுங்குபடுத்தும் காவலர்மீது பொய்ப்புகார் எழும்போது, அவரைக் காப்பாற்றக் கூடியதும் அதே கேமராதான். கைது செய்யும் அதிகாரி தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டு டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் விதித்தது. அது இன்று நடைமுறைச் சட்டத்தின் 36ஆம் பிரிவாகவே இடம்பெற்றுள்ளது. அதிகாரத்தைச் செலுத்துபவர் அடையாளம் காணத்தக்கவராக இருக்க வேண்டும் என்பதே இதன் தத்துவம். அப்படியிருக்க, அந்த அடையாளத்தைக் கேமரா பதிவு செய்வதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

காவலர் பயிற்சிப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் இப்பொருள் இடம்பெறுவதும், படமெடுப்போரை எவ்வாறு நடத்த வேண்டும் என்ற தெளிவான எழுத்துமூல வழிகாட்டியை மாநிலங்கள் வெளியிடுவதும் பெரும் பயன் அளிக்கும். பொதுமக்களும், எட்ட நின்று, வழிமறிக்காமல், வசைமொழி கூறாமல் படமெடுக்கும் பழக்கத்தை மேற்கொள்ள வேண்டும்.

அடுத்த கோடையிலும் பங்காருபாளையம் சந்தைக்கு மாங்காய் வண்டிகள் வரும்; விலை குறைந்தால் விவசாயிகள் கூடுவர்; காவலர்கள் வருவர்; கைபேசிகளும் உயரும். அப்போது படமெடுப்பவர் அஞ்சாமலும் காவலர் கோபமுறாமலும் தத்தம் பணியைச் செய்ய முடிந்தால், சட்டம் ஏட்டிலிருந்து சந்தைக்கு இறங்கி வந்துவிட்டது என்று கொள்ளலாம்.